பளிங்குப் பொடியும் இருபத்தாறு டின்னும்

முகம் தேய்க்கிற பொடி விற்பவருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள்தான் வாய்ப்பார்கள்: எரிகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள், எரியவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள். பையைத் தோளில் மாட்டி, வெயிலில் காய்ந்து, நாய்க்குப் பயந்து, வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றுப் பிழைத்த என் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இந்தத் தொழிலில் விழுந்தது எழுபதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில். அதற்கு முன்னால் எட்டு வருஷம் கோலா கங்சார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டினேன். எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றார்கள். நாங்களும் ஆளுக்கொரு திசையில் கிளம்பினோம். நான் ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு அறை பிடித்து, கடைத்தெருப் பின்சந்தில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மோட்டார் பட்டறைக்காரர்கள் கையில் படிந்த கறுப்பு எண்ணெயைக் கழுவ ஒரு பசை வைத்திருப்பார்களே, சோப்பும் மண்ணெண்ணெயும் நுரைக்கல் பொடியும் சேர்ந்தது, அதைத்தான் அங்கே கிண்டினோம். ஒருநாள் தவுக்கேக்கு யோசனை வந்தது. ஆம்பளை கையைத் தேய்க்கிற பொடி பொம்பளை முகத்தைத் தேய்க்காதா என்று. அப்படிப் பிறந்ததுதான் ரோஜாப் படம் போட்ட முதல் இருபத்தாறு டின்.

அதை விற்றது பெரிய விஷயமில்லை. விற்ற இருபத்தாறையும் கெஞ்சி, அதட்டி, பஸ் ஏறி, பஸ் இறங்கித் திரும்ப வாங்கினேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் உள்ளங்கையின் சாட்சி

எண்ணெய்க் கறைக்குப் போடுகிற நுரைக்கல் பொடி சாம்பல் நிறம். முகத்துக்குப் போடுவது வெள்ளையாக இருந்தால்தான் பெண்கள் தொடுவார்கள் என்று தவுக்கே பளிங்குக்கல் பொடியைப் பிடித்தார். ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள். பளிங்கு அறுக்கிற பட்டறைகளில் வெள்ளை வெளேரென்று தூசி தரையில் குவிந்து கிடக்கும். அள்ளிக்கொண்டு போனால் இடம் சுத்தமாயிற்று என்று நன்றி சொல்வார்கள். அதோடு அரிசி மாவு, கொஞ்சம் ரோஜா வாசனை. சலிப்பது என் பொறுப்பு. மல்துணியில் மூன்று தடவை சலித்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். மாவுதான். நெருடலே இல்லை. டின்னில் அடைக்கலாம் என்று நானேதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு வாரம் கோலா கங்சார் பக்கம், பழைய எஸ்டேட்டில் மிச்சமிருந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்கள். மறு வாரம் பீடோர் பக்கம். திரும்பி வந்து புந்தோங்கில் மீதி. வாங்கின ஒவ்வொரு பெண்ணும் என்னைப் போலவே ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினாள். ஏமாந்து வாங்கினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பீடோர் லயத்தில் பாக்கியம் என்றொரு பால்வெட்டுக்காரி, விவரமானவள், டின்னை மோந்து, தட்டி, தேய்த்து, தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“மெத்துன்னு இருக்குலா! பச்சப் புள்ளைக்கே போடலாம் போல!”

தேவகியின் கன்னம்

தேவகி புந்தோங்கில் எனக்கு அடுத்த வீட்டுப் பெண். பத்தொன்பது வயது. பதினோரு வருஷம் படித்து ஐந்தாம் படிவம் முடித்தவள், கித்தா மரத்தைப் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்ததோடு சரி. அப்பா லாரி ஓட்டினார். ஈப்போவில் ஒரு பெரிய எம்போரியத்தில் பவுடர், கிரீம் விற்கிற கவுண்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் மின்விசிறிக்குக் கீழே நின்று சம்பளம் வாங்கியதில்லை. வீட்டில் ஒரே பரபரப்பு. “பத்து நாள் இருக்கு. காலையிலயும் சாயந்திரமும் தேய். கன்னம் கண்ணாடி மாதிரி ஆயிரும்” என்று சொல்லி டின்னை அவள் கையில் வைத்தது நான்தான்.

எட்டாம் நாள் குழாயடியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றாள். துண்டை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மெல்லிய சிவப்புக் கீறல்கள், வலது கன்னத்தில் பொருக்கு. எரிந்தது, எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். அப்படியே பவுடரை அப்பிக்கொண்டு நேர்முகத்துக்கும் போனாள். அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறின பிறகு வா, இடம் இருந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவளிடம் நான் என் வாழ்நாளிலேயே மகா முட்டாள்தனமான ஒரு வார்த்தையைச் சொன்னேன். “என் கையில தேய்ச்சுப் பாத்துத்தானே கொடுத்தேன், ஒண்ணுமே ஆகலையே.” தேவகி அழவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைக் காய்ப்பின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

“இந்தக் கையிலயாக்கா? இதுல கண்ணாடியைப் போட்டுத் தேய்ச்சாலும் உங்களுக்குத் தெரியாதே.”

தவுக்கேயின் கழுத்து

அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. எட்டு வருஷம் வெட்டுக்கத்தி பிடித்து, பாலை உறைய வைக்கிற ஆசிட்டில் நனைந்து, மண்ணெண்ணெயும் மணலும் போட்டுக் கறையைத் தேய்த்த கை அது. வாங்கின பெண்களின் கையும் அதேதான். நாங்கள் எல்லோரும் செருப்பை வைத்துப் பட்டுத் துணியைத் தடவிப் பார்த்து நல்ல துணி என்று சான்று கொடுத்திருக்கிறோம். வீட்டில் அதைத் தேய்த்துக்கொள்ளப் போவது பள்ளிக்கூடம் போகிற மகள்கள். தேவகியுடையது போக இருபத்தைந்து டின் வெளியே கிடக்கிறது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் தவுக்கேயிடம் போய் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். தவுக்கே பேசுவது பாதி மலாய், மீதி எங்களிடம் பொறுக்கின தமிழ். “அது அவ தோலு சரியில்ல லா” என்று தன் கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். இருபது வருஷம் மண்ணெண்ணெயில் ஊறின கை, அது என்ன சொல்லும்? கையில் வேண்டாம், காதுக்குக் கீழே கழுத்தில் தேயுங்கள், காலையும் மாலையும், மூன்று நாள், இல்லாவிட்டால் நாளையிலிருந்து சலிக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று சல்லடையைக் கீழே வைத்தேன். மனிதர் பிடிவாதக்காரர், தேய்த்தார். நான்காம் நாள் சட்டைக் காலர் பொத்தானைப் போட முடியாமல் திறந்துவிட்டுக்கொண்டு வந்தார். கழுத்து, தேங்காய்த் துருவியால் இழுத்த மாதிரி சிவந்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“போலே, போலே, சரி. எல்லாம் திரும்ப வாங்கு. ஆனா டின்னு சப்பை ஆகாம கொண்டு வா லா.”

விளக்குப் பொடி

விற்றதைத் திரும்பக் கேட்பது எப்படி என்று எந்த முதலாளியும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெண்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். கொடுத்த காசைத் திருப்பி நீட்டினால் இன்னும் சந்தேகப்படுவார்கள். அந்தப் பொடியில் ஏதோ பெரிய சரக்கு இருக்கிறது, தெரியாமல் விற்றுவிட்டாள், அதான் ஓடி வருகிறாள் என்று ஒரு லயத்தில் பேச்சே கிளம்பிவிட்டது. அங்கே நான்கு டின்னை வாங்க எனக்கு ஒரு முழு ஞாயிறு ஆனது.

பீடோரில் மாரியாயி அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது சாமி மாடத்தில் குத்துவிளக்கு கண்ணைப் பறித்தது. முகத்தில் ஒரே நாள் போட்டாராம், புலி பிறாண்டின மாதிரி இருந்ததாம், உடனே விளக்குக்கு மாற்றிவிட்டார். அறிவாளி. டின்னைத் தர மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாளே, ரோஜாப் படத்தைப் பார்த்து எடுத்துப் பூசிக்கொண்டால் என்ன செய்வது என்று மன்றாடி, கடைசியில் பொடியை ஒரு பழைய பால் டின்னில் கொட்டி, மேலே ஆணியால் ‘பாத்திரத்துக்கு’ என்று கீறிக் கொடுத்துவிட்டு, ரோஜா டின்னை மட்டும் வாங்கிக்கொண்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பியவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்:

“ஏம்மா பிலோமினா, இதையே விளக்குப் பொடின்னு கொண்டாந்திருந்தா லயமே வாங்கியிருக்குமே, உனக்கு ஏன் இந்தப் புத்தி போச்சு?”

கத்தரிக்காய்

பாக்கியம்தான் பெரிய பாடு. லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி நல்ல பொடி என்று சொன்னவள் இப்போது வார்த்தையை மாற்றினால் மரியாதை என்ன ஆகும்? கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். அவளுடைய பதினைந்து வயது மகள் பின்னால் எட்டிப் பார்த்தாள், மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. “எரியுதா?” என்றேன். மகள் தலையை ஆட்டினாள். “எரியட்டுமேலா, மண்ணெண்ணெய் எரியாமலா கித்தாப்பால் கறை போவுது? எரியலைன்னா அது பொடியா, மாவா?” என்றாள் பாக்கியம். மகள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாக்கியத்தின் மேல் பாதி, என் மேல் பாதி.

முறத்தில் கத்தரிக்காய் இருந்தது. பளபளவென்று ஊதாக் கத்தரிக்காய். ஒன்றை எடுத்து, விரலை நனைத்து, பொடியைத் தொட்டு, அதன் ஒரு பக்கத்தில் மெதுவாக முப்பது தடவை தேய்த்தேன். முகத்தில் தேய்ப்பதைவிட மெதுவாகத்தான். கழுவிக் காட்டினேன். மினுமினுப்புப் போய் மங்கிக் கிடந்தது, உற்றுப் பார்த்தால் குறுக்கும் நெடுக்கும் கோடு. பேசிக்கொண்டு இருக்கும்போதே அந்தக் கோடெல்லாம் பழுப்பாக மாறியது. பாக்கியம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி அதே மாதிரி பார்த்தாள். உள்ளே போய் டின்னை எடுத்து வந்தாள்.

“எடுத்துட்டுப் போலா. அந்தக் கத்தரிக்காயையும் கொண்டு போயிரு, என்னால அதை ஆக்க முடியாது.”

கிராணியின் ரகசியம்

கோலா கங்சார் பக்கம் ஒரு டின் கணக்குக்கு வரவில்லை. வாங்கினவள் துணி வெளுக்கிற அம்மாள். அவளைக் கேட்டால் தனக்கு இல்லை, ஆபீஸ் கிராணி ஐயா வாங்கி வரச் சொன்னார் என்றாள். கிராணி என்றால் எஸ்டேட் குமாஸ்தா. கல்யாணமாகாத ஆள், நாற்பதை நெருங்குகிறவர், காலைப் பெரட்டு வரிசையில் ஆள் பெயர் கூப்பிடும்போது தோட்டமே நடுங்கும். அவரிடம் போய் முகப்பொடி டின்னைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆபீஸ் வாசலில் நின்று, “ஐயா, ஒரு டின்னு...” என்று ஆரம்பித்ததுமே மனிதர் ஜன்னலைச் சாத்தினார். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நான் திரும்பிப் போகவில்லை, உள்ளே நுழைந்தேன். மேஜைக்கு அருகில் போய்ப் பார்த்தால் அவர் நெற்றியில் திருநீற்றுக்குக் கீழே அதே சிவப்புக் கீறல். நான் தேவகியைப் பற்றிச் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முடிக்கும் வரை பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, பழைய ரசீதுகளுக்கு அடியிலிருந்து டின்னை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போட்டேன். யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா, நீங்க இந்த கேட்டுக்குள்ள வர முடியாது.”

மீன் கொடுத்த வீடு

ஒவ்வொரு ஞாயிறும் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது தேவகி வீட்டு வாசலிலேயே நிற்பாள். பொருக்கு உதிர்ந்து, கீறிய இடமெல்லாம் கருத்துக் கோடாக நின்றது. தெருவுக்கு வர மாட்டாள். வேறு எதுவும் பேசவும் மாட்டாள். “இன்னிக்கு எத்தனக்கா?” என்பாள். மூன்று என்பேன், ஐந்து என்பேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். திட்டினால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு டின் பாக்கி நிற்கும்வரை எனக்கு அந்த வாசலைத் தாண்டுவது பெரிய தண்டனை.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. பாக்கியம் இரண்டு வாங்கி, ஒன்றைத் தன் தங்கைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தங்கை வாழ்க்கைப்பட்டது ஹுத்தான் மெலிந்தாங்கில், கடலோரம். மூன்று பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் மழை. மீன் காயப் போட்டிருந்த பலகைகளுக்கு நடுவே வீட்டைக் கண்டுபிடித்து, நனைந்த கோழியாக நின்று, “ரோஜாப் படம் போட்ட டின்னு...” என்றேன். அந்தப் பெண் உள்ளே போய் எடுத்து வந்தாள். மூடி பிரிக்கவே இல்லை. புருஷன் மீன்பிடிக்கப் போன வீட்டில் யாருக்கு முகம் தேய்க்க நேரம் என்று அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தாளாம். நான் சிரித்தேன், பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய்க் காப்பி போட்டுக் கொடுத்து, போகும்போது ஒரு கட்டுக் கருவாட்டையும் கையில் திணித்தாள்.

“தொறக்காத ஒரு டின்னுக்கா இம்புட்டுத் தூரம்? உங்க தவுக்கே உங்களுக்கு வேற வேலையே கொடுக்குறதில்லையாக்கா?”

மூன்று மந்திர நேரம்

பீடோர் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஓடைத் தண்ணீரில் சீனப் பெண்கள் பெரிய தொப்பியோடு இடுப்பளவு நின்று, மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி ஈயமணலை அலசுவார்கள். கனமானது தட்டில் நிற்கும், லேசானது தண்ணீரோடு போகும். ஏழு வாரம் அதே ஜன்னலில் அதையே பார்த்த எனக்கு ஏழாம் வாரம்தான் உறைத்தது. துணியில் சலித்தால் ஊசி மாதிரி நீளமான சில்லு நெட்டுக்குத்தாக நுழைந்துவிடும். தண்ணீரை ஏமாற்ற முடியாது. மறுநாளே மிச்சமிருந்த பளிங்குப் பொடியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். அடியில் கறுப்பாக ஒரு படிவு தங்கியது. கல்லறுக்கும் சக்கரத்திலிருந்து உதிர்ந்த துகள் அது. இரும்பையே தேய்க்கும். தவுக்கே வாளிக்குள் குனிந்து வெகு நேரம் பார்த்தார், கழுத்தைத் தடவிக்கொண்டார், மிச்ச மூட்டையைத் தானே இழுத்துப் போய்ப் பின்சந்துப் பள்ளத்தில் கொட்டி மிதித்தார்.

பிறகு பீடோர் பக்கம் வெட்டுகிற வெள்ளைக் களிமண்ணை வாங்கினோம், பீங்கானுக்குப் போகிற மண். அது மட்டும் போட்டால் வழுக்கும், அழுக்கை எடுக்காது. அதில் கொஞ்சம் நுரைக்கல் பொடி சேர்க்க வேண்டும், தண்ணீரில் அலசின பொடி. கலக்கிவிட்டு, ‘எங்கள் பிதாவே’ என்கிற பரலோக மந்திரத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம் காத்திருப்பேன். பெரிய துகள் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றித் தெளிய வைத்து, படிந்ததைக் காயப் போடுவேன். சோதிக்க என் கை ஆகாது என்று தெரிந்துவிட்டதே, தேவகியைக் கூப்பிட்டேன். வருவாளா என்று பயந்தேன், வந்தாள். விரல்நுனியில் வைத்துத் தேய்ப்பாள், பிறகு கீழுதட்டில். “நெருடுது” என்பாள். இரண்டு மந்திர நேரம் விட்டேன். “நெருடுது.” மூன்று. “கொஞ்சம் நெருடுது.” தவுக்கே இதையெல்லாம் முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருநாள் பொறுமை இழந்து என்னைத் தனியே கூப்பிட்டார்:

“நீ மூணு தடவை சாமி கும்பிடுறே, அவ ஒரு தடவை வாயைத் திறந்து எல்லாத்தையும் கீழ ஊத்துறா. இந்தப் பொண்ணு யாரு ஆளு லா?”

கண்ணாடிக் கவுண்டர்

கருத்த கோடுகள் மங்கி, பழுப்பாகி, பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்தது. தேவகி ஒருநாள் காலையில் தலைவாரிப் பூ வைத்து, பைலைக் கையில் எடுத்துக்கொண்டு, “எம்போரியத்துக்குப் போறேன், இடம் இருக்கான்னு கேக்கப் போறேன்” என்றாள். என்னை வா என்று கூப்பிடவில்லை. நான் தவுக்கேயிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கூடவே போனேன். ஒளிப்பானேன், பையில் புதுப் பொடி டின் ஒன்றும் வைத்திருந்தேன். நான்கு மந்திர நேரம் விட்டது. அவளுக்கு இன்னும் காட்டாதது.

மேற்பார்வை அம்மாவை எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். தமிழ்ப் பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருப்பார். தேவகி வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன். “மிஸ், போன தடவை இந்தப் பொண்ணு முகம் அப்படி இருந்ததுக்குக் காரணம் நான். பொடியைச் சலிச்சதும் நான், நல்லதுன்னு சொல்லிக் கொடுத்ததும் நான். இவ மேல எந்தத் தப்பும் இல்ல. வித்த இருபத்தாறு டின்னையும் திரும்ப வாங்கிட்டேன்.” சுற்றி நின்ற கவுண்டர் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது, ஆனாலும் சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிவிட்டது. மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பையில என்ன?” என்றார்.

எடுத்து வைத்தேன். மிஸ் டின்னைத் திறந்து கண்ணாடிக் கவுண்டர் மேல் தேவகி பக்கம் தள்ளினார். “இப்ப நீ இங்க வேலை பாக்குறே. ஒரு பொண்ணு வந்து இதைக் கேக்குறா. என்ன சொல்லுவே?” எனக்கு வயிற்றுவலி நிஜமாகவே வந்துவிட்டது. தேவகி, தாயே, ஒரு நல்ல வார்த்தை சொல், உன் வேலைக்கும் ஆச்சு, என் பொடிக்கும் ஆச்சு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. விரல்நுனியில் தேய்த்தாள். மணிக்கட்டின் உட்புறம் தேய்த்தாள். கீழுதட்டில் வைத்துப் பார்த்தாள். “பழசுக்கு இது எவ்வளவோ மேல், மிஸ். ஆனா இன்னும் நெருடுது. என் முகத்துல நான் போட மாட்டேன், அதனால வரவங்களுக்கும் கொடுக்க மாட்டேன்.”

அடிப்பாவி என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே போய், அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் கை சொல்லாததை அவள் வாய் சொல்லிவிட்டது, அதுவும் தன் வேலையைப் பணயம் வைத்து. மிஸ் டின்னை மூடி, மூடியை ஒரு அழுத்து அழுத்தி, கவுண்டர் மேலேயே என் பக்கம் நகர்த்தினார்.

“பொண்ணை நான் எடுத்துக்கிறேன். பொடியை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க.”

என் பொடி அந்தக் கண்ணாடிக் கவுண்டரில் ஏற அதற்குப் பிறகு பதினான்கு மாசம் ஆனது, அதுவரை நான் கொண்டுபோன டின் ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு திருப்பிக் கையில் கொடுத்த புண்ணியவதி சாட்சாத் தேவகியேதான்.